என் பழைய தலைப்புக்கு ஒரு மறுப்பு: எலியின் வேளையும் எங்கள் வேளையும்

மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. எனக்குக் காலை, அவர்களுக்குச் சனிக்கிழமை இரவு. பேசியவள் 12 வயதான என் பேத்தி. அவள் இரண்டு எலிகளை வளர்க்கிறாள். எங்கள் ஊரில் எலி என்றதும் பொறியும் பாஷாணமும் எலிக்காய்ச்சலுமே நினைவுக்கு வரும். கனடாவிலோ அது பிள்ளைகள் தோளில் ஏற்றித் திரியும் செல்லப்பிராணி. (அல்பேர்ட்டா மாகாணம் மட்டும் எலி வளர்ப்பதைத் தடைசெய்திருக்கிறது. இவர்கள் இருப்பது ஒன்ராறியோவில்.) இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த பெண் எலிகள். ஒன்றின் பெயர் தொதல். மற்றதன் பெயர் அலுவா. பெயர் வைத்த வேளை சரியில்லைப் போலும்.

“அம்மப்பா, தொதலுக்கு ஏணியிலை ஏற ஏலாமல் இருக்கு” என்றாள் பேத்தி. குரல் தழுதழுத்தது. சமையல் தராசில் நிறுத்துப் பார்த்தாளாம். தொதல் 410 கிராம்; அலுவா 385 கிராம். வளர்ந்த பெண் எலியொன்று பொதுவாக 250 முதல் 350 கிராம் வரை இருக்கும்.

பழைய பத்திரிகைக்காரன் அல்லவா, கேள்விகளை அடுக்கினேன். என்ன கொடுக்கிறீர்கள்? எவ்வளவு? எப்போது? காலை 7 மணிக்குப் பாடசாலைக்குப் புறப்படுமுன் கிண்ணம் நிறையத் தீன். மாலை 4 மணிக்கு வந்ததும் கச்சானும் விசுக்கோத்துத் துண்டுகளும். இரவு 7 மணிக்குக் கிண்ணத்தை எடுத்துவிடுவார்கள். மறுநாள் காலை வரை ஒன்றுமில்லை. இரவில் ஏன் கிண்ணத்தை எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். தொலைபேசி கைமாறியது. இப்போது பேசியவள் என் மகள்.

“அப்பா, இரவிலை சாப்பிட்டால் எலி கொழுக்கும் எண்டு நீங்கள்தானே பேப்பரிலை போட்டனீங்கள்? நான் அந்தத் துண்டை வெட்டிக்கூட வைச்சிருந்தனான்.”

என்னிடம் பதில் இருக்கவில்லை. போட்டவன் நான்தான்.

2009ஆம் ஆண்டு செப்டெம்பரில் வந்த செய்தி அது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிரெட் டுரெக் என்பாரின் ஆய்வுக்குழு நடத்திய பரிசோதனை பற்றியது. ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கி, சுகாதாரப் பக்கத்தில் கட்டம் கட்டி, “இரவில் உண்டால் உடல் பருக்கும்: எலிகளில் நிரூபணம்” என்று தலைப்பிட்டேன். அத்தலைப்பை எழுதியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. மேசையில் பாதி உண்ட கொத்துரொட்டிப் பொட்டலம் கிடந்தது. ஆசிரியபீடத்தில் எவரும் அத்தலைப்பைக் கேள்வி கேட்கவில்லை. வாசகர் எவரும் கடிதம் எழுதவுமில்லை. அது பிழையான தலைப்பு. எழுத்துப்பிழை போன்ற சிறு பிழையன்று. செய்தியைத் தலைகீழாக்கிய பிழை.

அந்த ஆய்வு சொன்னது இதுதான். 12 மணிநேரம் வெளிச்சமும் 12 மணிநேரம் இருளுமாக மாறிவரும் அறையில் பிராணிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். இரு கூட்டத்துக்கும் கொழுப்பு மிகுந்த அதே தீன். ஒரு கூட்டத்துக்கு வெளிச்ச நேரத்தில் மட்டும். மற்றதற்கு இருள் நேரத்தில் மட்டும். ஆறு கிழமைகளின் பின் நிறுத்துப் பார்த்தபோது ஒரு கூட்டம் தொடக்க நிறையைவிட 48 சதவீதம் கூடியிருந்தது. மற்றது 20 சதவீதம் மட்டுமே கூடியிருந்தது. உண்ட அளவிலோ ஓடியாடிய அளவிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

48 சதவீதம் பருத்த கூட்டம் எது? இரவில் உண்டதா? அல்ல. பகலில் உண்டது. இரவில் உண்ட கூட்டமே மெலிவாக இருந்தது. ஏனெனில் அவை இரவில் விழித்துப் பகலில் உறங்கும் பிராணிகள். அவற்றின் பகல் எங்கள் இரவுக்கு நிகரானது. ஆகவே உறங்கவேண்டிய வேளையில் உண்பது மனிதருக்கும் நல்லதல்லவோ என்று ஆய்வாளர்கள் ஓர் ஐயத்தை முன்வைத்தார்கள். நான் என்ன செய்தேன்? மனிதரைப் பற்றிய ஐயத்தை எடுத்து, ஐயத்தைக் களைந்துவிட்டு, எலியின் தலையில் கட்டினேன். அத்தலைப்பு கடல் தாண்டிப் போய், பல ஆண்டுகள் ஒரு குறிப்பேட்டினுள் கிடந்து, கடைசியில் என் பேத்தியின் எலிகளுடைய கிண்ணத்தைக் காலையில் நிரப்பி இரவில் பறித்திருக்கிறது.

இக்கட்டுரை அத்தலைப்புக்கு எதிரானது. அதுபோன்ற தலைப்புகளை இன்றும் நாள்தோறும் எழுதிவரும் என் தொழிலுக்கும் எதிரானது. எலியை எலியின் வேளைக்கு உண்ண விடவேண்டும் என்பதே என் வாதம்.

எலியின் வேளை எது? எலி தன் நாளாந்த உணவில் ஏறத்தாழ முக்காற்பங்கையோ அதற்கு மேலாகவோ இருளில்தான் உண்கிறது. பொழுது சாய்ந்ததும் ஒரு பெரும் பசி. விடிவதற்குச் சற்று முன் இன்னொரு பெரும் பசி. இடையிடையே சிறு சிறு கொறிப்புகள். பகலில் கொஞ்சம் உண்ணும், பெரும்பாலும் உறங்கும். இது எலியின் கெட்ட பழக்கமன்று. கள்ளனைப்போல் இரவில் வருகிறது என்று நாங்கள் திட்டுவது அதன் உடம்பின் ஒழுங்கை.

அந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்பதும் எலியை வைத்தே கண்டறியப்பட்டது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேர்ட் ரிக்டர் என்ற இளைஞர் எலிகளின் நடமாட்டத்தைப் பதிவுசெய்து 1922இல் வெளியிட்டார். நாளுக்கு ஒருமுறை மட்டும் தீன் கொடுக்கப்பட்ட எலிகள், தீன் வரும் நேரத்துக்கு முன்னரே பரபரக்கத் தொடங்குவதை அவர் அன்றே கண்டார். அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1972இல், இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே எலியின் மூளையில் மணிக்கூட்டின் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தன. பார்வை நரம்புகள் ஒன்றையொன்று கடக்குமிடத்துக்குச் சற்று மேலே இரண்டு சிறு நரம்புக்கலத் திரள்கள் இருக்கின்றன. இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 20,000 கலங்கள். கண் வழியே வரும் ஒளியைக் கொண்டு அவை எலியின் நாளை வகுக்கின்றன. அவற்றை அழித்தால் எலிக்கு இரவு பகல் என்ற ஒழுங்கே இல்லாமற் போகிறது.

ஆனால் 1979இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. அத்திரள்கள் அழிக்கப்பட்ட எலிகளும் தீன் வரும் நேரத்தை முன்கூட்டியே உணர்ந்தன. அப்படியானால் உடம்பில் மணிக்கூடு ஒன்றல்ல. 2001இல் வெளியான ஆய்வொன்றில், எலிகளுக்குப் பகலில் சில மணிநேரம் மட்டும் தீன் கொடுத்தார்கள். இரண்டே நாட்களில் ஈரலின் மணிக்கூடு தீன் வரும் நேரத்தைப் பின்பற்றி இடம்மாறிவிட்டது. மூளையின் மணிக்கூடு மாறவில்லை. அது வெளிச்சத்தையே பின்பற்றி நின்றது.

எலி வளர்ப்போர் அடிக்கடி சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. “வளர்ப்பு எலி மனிதரோடு பழகியது, எங்கள் நேரத்துக்கு அது மாறிவிடும்.” என் மகளும் இதையே சொன்னாள். காலையில் கிண்ணத்தின் சத்தம் கேட்டால் இரண்டும் ஓடி வருகின்றனவாம். ஓடி வரத்தான் செய்யும். வேறு நேரத்தில் தீன் இல்லையென்றால் நீங்களும் நானும் நள்ளிரவில் ஓடி வருவோம். மாறியது எலி முழுவதுமன்று. ஈரல் ஒரு நேரத்தைக் காட்ட, மூளை இன்னொரு நேரத்தைக் காட்டுகிறது. இரண்டு முதலாளிகளுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்பவனின் நிலை அது. பழகிவிட்டது என்று நாங்கள் மகிழ்வது இந்தப் பிளவைப் பார்த்துத்தான்.

2009ஆம் ஆண்டு ஆய்வைப் பற்றி இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் பயன்பட்டவை எலிகளே அல்ல, சுண்டெலிகள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உண்டு. தமிழிலும் உண்டு. அடுப்படியில் சுண்டெலி ஓடினால் எங்கள் அம்மா சுண்டெலி என்றுதான் சொல்வார். எலி என்று சொல்லமாட்டார். நாங்கள் பத்திரிகையில் மட்டும் இரண்டையும் எலி என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம். வளர்ந்த சுண்டெலி 20, 30 கிராம் நிறையுள்ளது. வளர்ந்த எலி அதைப்போல் பத்து மடங்குக்கு மேல். இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஒன்றில் கண்டது மற்றதில் அப்படியே இருக்கும் என்று எழுத எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

எலிகளையே வைத்து நடந்த ஆய்வு உண்டா? உண்டு. மெக்சிக்கோவில் கரோலினா எஸ்கொபார் முதலியோர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வு அது. எலிகளை மெதுவாகச் சுழலும் உருளைகளில் விட்டு, அவை உறங்கவேண்டிய பகல் வேளையில் நாளுக்கு எட்டு மணிநேரம் விழித்து நடமாடச் செய்தார்கள். இரவுப்பணி பார்க்கும் மனிதரின் நிலையை எலியில் உண்டாக்குவதே நோக்கம். அந்த எலிகள் தம் உணவின் பெரும்பகுதியைப் பகலுக்கு மாற்றிக்கொண்டன. வயிற்றுக் கொழுப்பும் கூடியது. அதே வேலையைச் செய்த இன்னொரு கூட்டத்துக்கு இரவில் மட்டும் தீன் கொடுக்கப்பட்டது. அவை அப்படிப் பருக்கவில்லை. வேலை ஒன்றே, உண்ணும் வேளைதான் வேறு.

அந்த ஆய்வை நான் மிகவும் பிந்தித்தான் படித்தேன். நானும் பல ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவன். நள்ளிரவுக் கொத்துரொட்டியும் சீனி கூடிய பிளேன்ரீயும் என் இடுப்பில் என்ன செய்தன என்பதை என் தையற்காரர் அறிவார். ஆயினும் என் இடுப்பை வைத்து எலிக்கும், எலியை வைத்து என் இடுப்புக்கும் தீர்ப்பு எழுதுவதைத்தான் இங்கே எதிர்க்கிறேன். ஆகவே எலிக்கே திரும்புகிறேன்.

கிண்ணத்துக்கு அடுத்த குற்றவாளி மின்விளக்கு. பேத்தியின் எலிக்கூடு வீட்டின் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருந்தது. நள்ளிரவு வரை விளக்கும் தொலைக்காட்சியும் எரியும். பிறகும் மாடிப்படி விளக்கு விடியும்வரை அணைவதில்லை. ஒஹையோ அரச பல்கலைக்கழகத்தில் லோரா ஃபொன்கெனும் ரண்டி நெல்சனும் அவர்களோடு பணியாற்றியோரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் (இதுவும் சுண்டெலியில்தான் என்பதைச் சொல்லிவைக்கிறேன்) இரவில் முழு இருளுக்குப் பதிலாக 5 லக்ஸ் அளவான மங்கல் வெளிச்சத்தை வைத்தார்கள். மொத்தத்தில் உண்ட அளவு கூடவில்லை, நடமாட்டம் குறையவில்லை. ஆனால் அவை பகலில் உண்ணத் தொடங்கின. உணவில் பாதிக்கு மேல் பகலுக்குப் போயிற்று; நிறையும் கூடியது. தீனை இருள் வேளைக்கு மட்டும் கட்டுப்படுத்தியதும் அந்த மிகைநிறை உண்டாகவில்லை. ஒரு மாடிப்படி விளக்கு இவ்வளவு செய்யக்கூடும் என்றால், நள்ளிரவு வரை ஒளிரும் தொலைக்காட்சியை என்னவென்பது?

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, கலோரிக் கணக்கர்களின் வாதம். “நேரமாவது வேளையாவது, உள்ளே போவது எவ்வளவு, செலவாவது எவ்வளவு என்பதே கணக்கு” என்பார்கள். இதில் பெரும் உண்மை உண்டு, மறுக்கமாட்டேன். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மக்கே 1935இலேயே, சத்துக் குறையாமல் அளவைக் குறைத்து உண்ட எலிகள் நீண்டகாலம் வாழ்ந்ததைக் காட்டினார். என் பேத்தியின் எலிகள் பருத்ததற்கு முதற்காரணம் கச்சானும் விசுக்கோத்துமே. நேரத்தை மட்டும் திருத்திவிட்டு அவற்றைத் தொடர்ந்திருந்தால் பெரிய பயன் விளைந்திராது. பகல் தீன் பருமனாக்குவதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வுகளிற் பல கொழுப்பு மிகுந்த தீனை வைத்து நடந்தவை என்பதையும் மறைக்கக்கூடாது. நேரமே எல்லாம் என்று நான் எழுதினால் அது என் பழைய தலைப்பின் தம்பியாகத்தான் இருக்கும்.

ஆனால் அளவே எல்லாம் என்பதும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். 2022இல் ஜோசப் தக்காஹாஷியின் குழு அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சுண்டெலிகளுக்கு வழமையான உணவில் 30 சதவீதத்தைக் குறைத்தார்கள். குறைத்த தீனை இரவு பகலாகப் பரவலாகக் கொடுத்தபோது ஆயுள் ஏறத்தாழ 10 சதவீதம் கூடியது. அதே அளவை அவை விழித்திருக்கும் இரவு வேளையில் மட்டும் கொடுத்தபோது ஏறத்தாழ 35 சதவீதம் கூடியது. அளவு ஒன்றே, வேளை வேறு, விளைவும் வேறு. கணக்கு என்றால் முழுக்கணக்கையும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது, தாராள மனத்தினரின் வாதம். “கிண்ணத்தை எப்போதும் நிறைத்து வையுங்கள்; வேண்டியதை வேண்டிய நேரத்தில் எலி தானே எடுத்துக்கொள்ளும்.” கேட்க இனிமையானது. ஆய்வுகூடங்கள் பலவும் காலங்காலமாக இதைத்தான் செய்தன. அதன் விளைவைப் பற்றி அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் மட்சனும் மூவரும் 2010இல் கடுமையான கட்டுரையொன்றை வெளியிட்டார்கள். சிறு கூட்டில், செய்வதற்கு ஒன்றுமின்றி, எப்போதும் நிறைந்திருக்கும் தீனோடு வாழும் எலிகளும் சுண்டெலிகளும் அதிக நிறையுள்ளவை, இன்சுலினுக்குச் சரிவர இணங்காதவை, முன்கூட்டியே மடிபவை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. வழமையான எலி என்று ஒப்பிடுவதற்காக வைக்கப்பட்ட எலியே நோயாளி என்றால் ஒப்பீட்டுக்கு என்ன பொருள்? உலகத்தின் ஆய்வுகூடங்களுக்கே இது கேள்வியாயிருக்க, எங்கள் வரவேற்பறைக் கூட்டுக்கு ஏன் கேள்வியாகக்கூடாது? எலி வயலில் திரிந்தால் தீனைத் தேடி இரவெல்லாம் ஓடவேண்டும். கூட்டில் அதற்கு நான்கு அடி வைத்தால் போதும்.

மூன்றாவது வாதம் என் பழைய சகா ஒருவருடையது. இதை எழுதப்போகிறேன் என்றதும் சிரித்தார். “நாட்டில் எழுத ஒன்றும் இல்லையா? போயும் போயும் எலியின் சாப்பாட்டு நேரமா? உடம்பைப் பற்றிய செய்தியைச் சனம் விரும்பிப் படிக்கிறது; மனிதருக்குப் பயன்படும் என்றுதானே போட்டோம்” என்றார்.

மனிதருக்குப் பயன்பட்டதா? அதையும் பார்ப்போம். 2013இல் ஸ்பெயினில் நிறை குறைக்க முயன்ற 420 பேரை அவதானித்தபோது, பிற்பகல் 3 மணிக்குப் பின் மதிய உணவு உண்டவர்கள் குறைவாகவே மெலிந்தார்கள் என்று தெரிந்தது. வேளையின் பக்கம் ஒரு சாட்சி. ஆனால் 2022இல் சீனாவில் பருமனான 139 பேரைக்கொண்டு ஓராண்டு நடந்த பரிசோதனையில், கலோரியை மட்டும் குறைத்தவர்களுக்கும், கலோரியைக் குறைத்ததோடு காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை மட்டுமே உண்டவர்களுக்கும் இடையே நிறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சாட்சிகள் முரண்படுகின்றன. மனிதரைப் பொறுத்தவரை தீர்ப்பு இன்னும் எழுதப்படவில்லை. நானோ 2009இலேயே அதை எழுதி, “நிரூபணம்” என்ற சொல்லால் முத்திரையும் குத்திவிட்டேன். மனிதனுக்கும் உதவவில்லை, எலிக்கும் தீங்கு. இப்படியொரு சேவைக்குத்தான் கட்டம் கட்டி இடம் ஒதுக்கினோம்.

போயும் போயும் எலி என்பவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே. வளர்ப்பு எலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். அதில் ஆறு மாதம் பிழையாகக் கழிந்தால் வாழ்வில் ஆறிலொரு பங்கோ அதற்கு மேலோ போய்விட்டது. எனக்கு அது ஒரு கட்டச்செய்தி. தொதலுக்கு அது ஏணியில் ஏறமுடியாத காலம். மேலும், 12 வயதுப் பிள்ளையொன்று தான் அன்பு செலுத்தும் உயிருக்குத் தன் கையாலேயே தீங்கு செய்திருக்கிறது. அச்சில் வந்ததை நம்பிய தாயின் சொற்படி செய்திருக்கிறது. சிறிய விடயத்தில் பிழைவிடப் பழகிய கைதான் பெரிய விடயத்திலும் பிழைவிடுகிறது. எலிச் செய்தியைச் சரிபார்க்காதவன் மருந்துச் செய்தியைச் சரிபார்ப்பான் என்று எதை வைத்து நம்புவது?

பிழையின் வேர் எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். “இரவு” என்ற சொல்லை நான் மணிக்கூட்டைப் பார்த்து எழுதினேன். பிராணியைப் பார்த்து எழுதவில்லை. தமிழில் இதற்கு எவ்வளவு பொருத்தமான சொற்கள் இருந்தன! வேளை என்றொரு சொல் உண்டு. அகாலம் என்றொரு சொல் உண்டு. வேளைக்குச் சாப்பிடு என்று எங்கள் தாய்மார் சொன்னபோது இத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. “அகாலத்தில் உண்ட சுண்டெலிகள் பருத்தன” என்று அன்று தலைப்பிட்டிருந்தால் எலிக்கும் மனிதனுக்கும் நீதி கிடைத்திருக்கும். ஒவ்வோர் உயிருக்கும் அகாலம் வேறு என்பதை அச்சொல்லே வாசகருக்கு உணர்த்தியிருக்கும்.

குறைகூறிவிட்டு நழுவுவது அழகல்ல. ஆகவே எலி வளர்க்கும் அன்பர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் சில வார்த்தைகள்.

கிண்ணத்தை மாலையில், பொழுது சாயும் வேளையில் வையுங்கள். வளர்ந்த எலிக்கு நாளொன்றுக்கு எலிகளுக்கான உலர் தீன் ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் போதும். சிறிய உடம்புள்ள பெண் எலிக்கு அதிலும் குறைந்த பக்கம். விடிந்தபின் மீதி கிடந்தால் குற்றமில்லை; பகலில் ஓரிரு வாய் உண்பது எலியின் இயல்பே. பட்டினி போடவேண்டாம். பகல் முழுக்கக் கிண்ணம் நிறைந்திருக்கவும் வேண்டாம். எலி தீனை ஒளித்து வைக்கும். ஆகவே கிண்ணம் வெறுமையானது என்றால் வயிறு நிறைந்தது என்று பொருளல்ல. படுக்கையைக் கிளறிப் பாருங்கள்.

கச்சான், விசுக்கோத்து, சோறு எல்லாம் அந்த அளவுக்குள் அடங்கவேண்டும். அதற்கு மேலாக அல்ல. இரவு 10, 12 மணிநேரமாவது கூட்டைச் சூழ இருளாக இருக்கட்டும். ரொறன்ரோ போன்ற இடங்களில் கோடையில் இரவு 9 மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. மாரியில் 5 மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. ஆகவே வானத்தை நம்பாமல் திரைச்சீலையையும் மின்விளக்கையும் கொண்டு அதற்கு நிலையான ஓர் இரவை அமைத்துக் கொடுங்கள். ஓடவும் ஏறவும் இடம் கொடுங்கள். கிழமைக்கொருமுறை ஒரே நாளில், ஒரே நேரத்தில் நிறுங்கள்; இரவெல்லாம் உண்ட எலி காலையில் சற்றுக் கனமாகவே இருக்கும் என்பதால் மாலை நிறையையும் காலை நிறையையும் ஒப்பிடக்கூடாது. நிறை சடுதியாகக் கூடினாலோ குறைந்தாலோ உடம்பில் கட்டி தென்பட்டாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பெண் எலிகளுக்கு மார்புக் கட்டிகள் அடிக்கடி வருவதுண்டு. எல்லா வீக்கமும் கொழுப்பு அல்ல. பத்திரிகைத் துண்டை வைத்து வைத்தியம் பார்க்காதீர்கள்; இக்கட்டுரையை வைத்தும் பார்க்காதீர்கள்.

பேத்தியின் வீட்டில் கூடு இப்போது பின்னறைக்குப் போய்விட்டது. மாலை 7 மணிக்குத்தான் கிண்ணம் வருகிறது. கச்சான் கிழமைக்கு இருமுறை, எண்ணி இரண்டு. பத்துக் கிழமைகளின் பின் தொதல் 365 கிராம். அலுவா 350 கிராம். தொதல் ஏணியின் மூன்றாம் படி வரை ஏறுகிறதாம். இது எதன் பலன்? வேளையின் பலனா, விசுக்கோத்தை நிறுத்தியதன் பலனா, இருளின் பலனா? எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியதால் பிரித்தறிய வழியில்லை. இரண்டு எலிகளை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. நிரூபணம் என்ற சொல்லை நான் இனி எளிதில் தொடமாட்டேன்.

நான் பணியாற்றிய பத்திரிகையில் பிழை நேர்ந்தால் மறுநாள் உட்பக்கத்தில், சிறிய எழுத்தில், திருத்தம் என்று போடுவது வழக்கம். இப்பிழைக்கு அது போடப்படவேயில்லை. அப்பத்திரிகையில் இன்று எனக்கு மேசை இல்லை; இந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆகவே இங்கே போடுகிறேன்.

திருத்தம்: 2009 செப்டெம்பரில் நான் எழுதிய செய்தியொன்றின் தலைப்பில் “இரவில் உண்டால் உடல் பருக்கும்: எலிகளில் நிரூபணம்” என்றிருந்தது. பருத்தவை பகலில் உண்டவை. அவை எலிகளல்ல, சுண்டெலிகள். மனிதரைப் பற்றி அந்த ஆய்வு எதையும் நிரூபிக்கவில்லை. தவறுக்கு வருந்துகிறேன். அந்தத் துண்டை இன்னும் எவரேனும் வெட்டி வைத்திருந்தால், தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.